ஒரே பக்கம் பார்க்கும் பிள்ளை

போன மாதம் முழங்கால் வலிக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில், ‘பிறந்த பிள்ளைக்குக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். முழங்காலை எல்லாரும் மறந்துவிட்டார்கள். வந்த கடிதங்களில் பாதி கழுத்துதான். ஆகவே இந்த மாதம் முழுக்கக் கழுத்து. முழங்கால்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் உங்களிடம் வருகிறேன்.

கேள்வி: அம்மா, எனக்கு வயது 27. முதல் பிள்ளை, பெண் குழந்தை, இன்றோடு ஏழு வாரம். தலை இறங்காமல் வேக்குவம் (தலையை உறிஞ்சி இழுக்கும் கருவி) வைத்து எடுத்தார்கள். எப்போது பார்த்தாலும் தலை வலது தோள் பக்கம் சாய்ந்து, முகம் இடது பக்கமே திரும்பியிருக்கிறது. மூன்றாவது வாரத்தில் வலது கழுத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. இடது மார்பில் பால் கொடுத்தால் அழுகிறாள். நாங்கள் காட்டிய டாக்டர், வளர வளரச் சரியாகிவிடும் என்றார். மாமியார், நான் தூக்கத் தெரியாமல் தூக்கிச் சுளுக்கிவிட்டது என்கிறார். பிள்ளைக்கு உருவிவிடும் ஒரு பாட்டியிடம் கொண்டுபோகச் சொல்கிறார். எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. கட்டி என்றால், அதுவா? (ஓர் இளம் தாய், பட்டர்வொர்த்)

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் பார்ப்போம். நீங்கள் சொல்லும் வயது, இடம், சாய்வு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அது ‘அது’ போல, அதாவது புற்றுநோய் போல, இல்லை. இந்தக் கட்டி பிறந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் கழுத்துத் தசைக்குள்ளேயே உருண்டு தட்டுப்படும். சில வாரம் பெரிதாகும். பிறகு கரைய ஆரம்பித்து, பெரும்பாலும் சில மாதங்களில் காணாமல் போகும். தசையில் நார் கட்டுவதால் வருவது. ஆனால் நான் கடிதத்தைத்தான் பார்த்தேன், கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வரும். ஊசி இல்லை, வலி இல்லை, ஜெல் தடவிச் சில நிமிடம்.

சரி, இப்போது கண்ணாடி முன்னால் போய் நில்லுங்கள். வலது காதுக்குப் பின்னால் ஓர் எலும்பு முண்டு இருக்கிறதே, அதில் விரலை வைத்துக்கொண்டு முகத்தை இடது பக்கம் திருப்புங்கள். அங்கிருந்து தொண்டைக்குழி வரை சாய்வாக ஒரு கயிறு புடைக்கும். ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு என்று அதற்குப் பெயர். படிக்கிற காலத்தில் அந்தப் பெயரை எழுதிப் பழகியே எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் தீர்ந்தது. இந்தக் கயிறு வலது பக்கம் குட்டையாகிவிட்டால் வலது காது தோளை நோக்கி இறங்கும், தாடை இடது பக்கம் போகும். உங்கள் மகள் செய்வது அச்சு அசலாக அதையேதான். டாக்டர்கள் டார்டிகோலிஸ் என்பார்கள். லத்தீனில் முறுக்கிய கழுத்து என்று அர்த்தம்.

பால் விஷயமும் இதில்தான் அடக்கம். மடியில் குறுக்கே கிடத்தி வலது மார்பில் கொடுத்தால் அவள் இடது பக்கம் திரும்ப வேண்டும். அது அவளுக்குச் சௌகரியமான பக்கம். இடது மார்பில் கொடுத்தால் வலது பக்கம் திரும்ப வேண்டும். அங்கேதான் இழுக்கிறது, அழுகிறாள். உங்கள் பாலில் ஒரு குறையும் இல்லை. இடது மார்பில் முதலில் கொஞ்ச நேரம் மடியிலேயே முயன்று பாருங்கள், அதுவே ஒரு பயிற்சி. முடியவில்லை என்றால் பிள்ளையை இடது அக்குளுக்கு அடியில், கால் உங்கள் முதுகுப் பக்கம் போகிற மாதிரி இடுக்கிக்கொண்டு கொடுங்கள். குடித்துவிடுவாள்.

அடுத்து உங்கள் மாமியார். அவரிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்: இது தூக்கியதால் வருவதில்லை. ஏன் வருகிறது என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒரே முடிவு கிடையாது. வயிற்றுக்குள் இடம் போதாமல் ஒரே மாதிரி மடங்கிக் கிடந்தது, தலை மேலாகவும் கால் கீழாகவும் இருந்தது, பெரிய பிள்ளை, முதல் பிரசவம், கஷ்டப்பட்டு வெளியே எடுத்தது, இவை உள்ள பிள்ளைகளிடம் கூடுதலாகப் பார்க்கிறோம். உங்கள் கதையில் இரண்டு இருக்கிறது. தூக்கத் தெரியாத மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. 31 வருடம் பினாங்கில் பிசியோவாக (தசைக்கும் மூட்டுக்கும் பயிற்சி கொடுப்பவராக) வேலை பார்த்தேன், என் எதிரே உட்கார்ந்து அழுத அம்மாக்களில் முக்கால்வாசிப் பேர் பிள்ளையின் கழுத்துக்காக அழவில்லை, வீட்டில் கேட்ட பேச்சுக்காகத்தான் அழுதார்கள்.

உருவிவிடும் பாட்டியிடம் போகாதீர்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதை நான் தடுக்கவில்லை. கையும் காலும் நீவட்டும், பிள்ளைக்கும் சுகம். கழுத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. கட்டியை அழுத்திக் கரைக்கிறேன் என்று தேய்ப்பது, ‘சொடக்’ என்று சுளுக்கு எடுப்பது, இரண்டும் ஆபத்து. இது சுளுக்கே இல்லை, எடுப்பதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. ஏசி போட்ட அறையில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு குழந்தையின் கழுத்தை முறிக்கிறவர்களுக்கும் இதே பதில்தான்.

டாக்டர் சொன்னது பாதி சரி. கட்டி தானாகக் கரையும். ஆனால் கட்டி கரைந்த பிறகும் கயிறு குட்டையாகவே நின்றுவிடலாம். அதற்காகத்தான் காத்திருக்க வேண்டாம் என்கிறேன். ஒரு மாத வயதுக்குள் பயிற்சி தொடங்கிய பிள்ளைகளில் அநேகமாக எல்லாருக்கும் ஒன்றரை மாதத்தில் கழுத்து முழுதாகத் திரும்புகிறது. ஒரு மாதம் தாண்டித் தொடங்கினால் ஏறக்குறைய ஆறு மாதம் பிடிக்கும். ஆறு மாதம் தாண்டிவிட்டால் ஒன்பது பத்து மாதம், அப்போதும் எல்லாருக்கும் முழுதாக வருவதில்லை. உங்களுக்கு ஏழு வாரம். தாமதம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நாளை என்று சொல்லும் வாரமும் இல்லை.

அடுத்த வாரம் இரண்டு மாத ஊசிக்கு எப்படியும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போவீர்கள். மிஸ்ஸி (நர்ஸ்) எடை பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிடுங்கள், கூச்சப்படாதீர்கள். டாக்டரிடம் மூன்று கேளுங்கள். கழுத்து இரண்டு பக்கமும் எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கட்டிக்கு ஸ்கேன் கேளுங்கள். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுவார்கள்: இடுப்பு மூட்டு. கழுத்து இறுகிய பிள்ளைகளில் சிலருக்கு தொடை எலும்பும் இடுப்புக் குழியில் சரியாக உட்காராமல் இருக்கும். அதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்தால் சுலபம், நடக்க ஆரம்பித்த பிறகு கண்டுபிடித்தால் பெரும்பாடு. பிசியோவுக்கு ரெஃபரல் கடிதம் கையோடு வாங்கி வாருங்கள். வெளியில் தனியார் பிசியோவிடம் போவதாக இருந்தால், பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசியாவில் பிசியோக்கள் பதிவு செய்திருக்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்பவர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

என்ன செய்வார்கள்? கழுத்தை நீட்டும் பயிற்சி. எழுத்தில் படித்துவிட்டு நீங்களாகத் தொடங்க வேண்டாம், ஒரு தடவை கையைப் பிடித்துக் காட்டித்தர வேண்டும். என்னிடம் வரும் அம்மாக்களை முதலில் பிள்ளைமேல் கை வைக்க விடமாட்டேன். ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி, மேலே ரப்பர் பேண்ட் போட்டுத் தலை ஆக்கி, அதில் பழகச் சொல்வேன். பயத்தில் அந்தத் துண்டின் கழுத்தையே நெரித்தவர்கள் உண்டு.

பயிற்சி இரண்டு வகை. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு கையால் வலது தோள் மேலேறாமல் அணைத்துக்கொண்டு, மறு கையால் பின்மண்டையை ஏந்தி, இடது காது இடது தோளை நெருங்கும்படி மெதுவாகச் சாய்ப்பது ஒன்று. நெஞ்சு புரளாமல் பிடித்துக்கொண்டு தாடையை வலது தோள் பக்கம் திருப்புவது இன்னொன்று. ஓர் இடத்தில் ரப்பர் இழுபடுவது போலக் கைக்குத் தட்டும். அங்கே நிறுத்தி பத்திலிருந்து முப்பது வினாடி பிடிக்க வேண்டும், அதற்குமேல் ஒரு நூல்கூடத் தள்ளக் கூடாது. எதிர்த்து அழுதால் விட்டுவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூச்சு மாறினாலோ முகம் கறுத்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். தனியாக நேரம் ஒதுக்கிச் செய்கிறேன் என்பவர்கள் மூன்றாம் நாள் விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு முறை பேம்பர்ஸ் மாற்றும்போதும் செய்கிறவர்கள்தான் ஜெயிப்பார்கள்.

அந்த இரண்டு மூன்று நிமிடம் போக மிச்ச நாள் முழுக்கப் பிள்ளை எப்படிக் கிடக்கிறாள் என்பது அதைவிடப் பெரிய விஷயம். கட்டில் சுவரோடு ஒட்டியிருந்தால், சுவர் அவளுக்கு இடது பக்கம் வரும்படி படுக்கவையுங்கள். சுவரைப் பார்த்து எந்தப் பிள்ளையும் சிரிக்காது. கதவும் வெளிச்சமும் உங்கள் முகமும் வலது பக்கம் இருக்கட்டும். தூக்கிக்கொண்டு நடக்கும்போது, அவள் முதுகு உங்கள் நெஞ்சில் சாய, வலது காது கீழே வரும்படி ஒருக்களித்துப் பிடியுங்கள். உங்கள் வலது முன்கை அவள் காதுக்கும் தோளுக்கும் நடுவில், இடது கை கால்களுக்கு நடுவே போய் வயிற்றைத் தாங்கட்டும். இதையும் பிசியோவிடம் ஒரு தடவை செய்துகாட்டச் சொல்லுங்கள். விழித்திருக்கும்போது குப்புறப் போடுங்கள். முதலில் உங்கள் நெஞ்சின்மேலேயே போட்டால் போதும், இரண்டு மூன்று நிமிடம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நாள் முழுதும் சேர்த்து 30 நிமிடத்துக்குக் குறையாமல் வரவேண்டும், உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிற கணக்கு. தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான், அதில் பேரம் கிடையாது.

இன்னொன்று. தனியார் வேலை என்றால் உங்களுக்குப் பிரசவ விடுப்பு 98 நாள். ஏறக்குறைய பாதி போய்விட்டது. மீதி நாளுக்குள் மாமியாரையும், பிறகு பிள்ளையைப் பார்க்கப்போகிற அம்மாவையும் பிசியோவிடம் ஒரு முறை அழைத்துப் போங்கள். மாமியார் கையில் அந்தத் துண்டுப் பொம்மையைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மகனுக்கு ஐந்து மாதம். கழுத்துப் பயிற்சி மூன்று மாதமாக நடக்கிறது, இப்போது நன்றாகத் திரும்புகிறான். ஆனால் பின்மண்டை இடது பக்கம் தட்டையாகிவிட்டது, இடது காதும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது. ஹெல்மெட் போட வேண்டும் என்கிறார்கள், பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). கடன் வாங்கிப் போடலாமா? (ஓர் அப்பா, பாயான் லெப்பாஸ்)

பதில்: தம்பி, கடன் வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் பொறுங்கள்.

தலை ஏன் தட்டையானது என்று உங்களுக்கே தெரியும். ஒரே பக்கம் திரும்பிக் கிடந்ததால் அந்தப் பக்கம் அழுந்தியது. இப்போது கழுத்து திரும்புகிறது என்கிறீர்கள், அதுதான் பெரிய மருந்து. உட்காரவும் தவழவும் ஆரம்பித்தால் தலை தரையில் கிடக்கும் நேரம் குறையும், மண்டை வளர வளர வடிவமும் ஓரளவு திரும்பும். நெதர்லாந்தில் ஐந்து ஆறு மாதக் குழந்தைகள் 84 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஹெல்மெட் போட்டு, மீதிப் பேரை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வந்தது. இரண்டு வயதில் முழுதாகச் சரியானவர்கள் ஹெல்மெட் போட்டவர்களில் நூற்றுக்கு 26, போடாதவர்களில் 23. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது: கழுத்து இறுகிய பிள்ளைகளையும் மிக மோசமாகத் தட்டையான தலைகளையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. ஆகவே அதை வைத்து உங்கள் மகனுக்கு ஹெல்மெட் வேண்டவே வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. மிகவும் கோணலாகி, நெற்றியும் கன்னமும்கூட ஒரு பக்கம் தள்ளியிருந்தால் போடச் சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போடுவதானால் ஒரு நாளைக்கு 23 மணி நேரம். நம் வெயிலில் ஒரு பிள்ளையின் தலையில் அதை மாட்டி, வியர்வை துடைத்து, புண் வராமல் பார்த்துக்கொள்வது யார் வேலை என்று வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள். அந்த ஆய்வில் ஹெல்மெட் போட்ட குழந்தைகளின் பெற்றோர் அத்தனை பேரும் ஏதாவது ஒரு தொல்லை சொன்னார்கள்.

ஒரு காரியம் செய்யுங்கள். வாரம் ஒரு முறை, குளிப்பாட்டி முடி நனைந்திருக்கும்போது, உச்சந்தலைக்கு நேர் மேலிருந்து ஃபோனில் ஒரு படம். காதும் மூக்கும் தெரிய வேண்டும். நான்கு படத்தை வரிசையாக வைத்தால் சரியாகிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரியும், டாக்டருக்கும் காட்டலாம். தட்டை கூடிக்கொண்டே போனாலோ, மண்டையோட்டின் மேல் ஒரு மேடு வரி போலத் தட்டுப்பட்டாலோ காத்திருக்க வேண்டாம். எலும்புத் தையல், அதாவது மண்டை எலும்புகள் சேரும் கோடு, சீக்கிரம் மூடிக்கொண்டதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். அது வேறு நோய், வேறு வைத்தியம்.

கார் சீட்டில் எவ்வளவு நேரம் கிடக்கிறான்? 2020 ஜனவரியிலிருந்து கார் சீட் சட்டம், காரில் அது கட்டாயம் வேண்டும். ஆனால் பாலத்து நெரிசலில் ஒரு மணி நேரம் அதில் தூங்கி வந்த பிள்ளையை, எழுப்ப மனமில்லாமல் சீட்டோடு தூக்கி வந்து ஹாலில் இன்னும் ஒரு மணி நேரம் விடுகிறோம் பாருங்கள், அதை நிறுத்துங்கள்.

கேள்வி: எங்கள் காலத்தில் கடுகுத் தலையணையில் தலை வைத்து, கைலியில் தொட்டில் கட்டிப் போட்டோம். ஒரு பிள்ளைக்கும் தலை கோணவில்லை. இப்போது மகள் எதையும் தொட விடமாட்டேன் என்கிறாள். நான் ஐந்து பெற்றவள். (ஒரு பாட்டி, ஆயர் ஈத்தாம்)

பதில்: அக்கா, நானும் கைலித் தொட்டிலில் வளர்ந்தவள்தான். ஸ்பிரிங் கிறீச்சிடும் சத்தம் இல்லாவிட்டால் என் தம்பி தூங்கவே மாட்டான்.

ஆனாலும் உங்கள் மகள் பக்கம்தான் நான். ஒரு வயதுக்குக் கீழே தலையணை வேண்டாம், கடுகோ பஞ்சோ எதுவானாலும். முகம் புதைந்தால் பிள்ளைக்குத் தலையை எடுக்கத் தெரியாது. கைலித் தொட்டிலில் உடம்பு வளைந்து, தலை எந்தப் பக்கம் சரிகிறதோ அங்கேயே கிடக்கும். கழுத்து நன்றாக இருக்கும் பிள்ளை எப்படியாவது திருப்பிக்கொள்ளும். கழுத்து இறுகிய பிள்ளைக்கு அது கட்டிப்போட்ட மாதிரி. தாடை நெஞ்சில் முட்டி மூச்சு அடைக்கும் பயமும் உண்டு. தூங்குவதற்குத் தட்டையான, கெட்டியான மெத்தைதான்.

உங்களுக்கு வேறு வேலை தருகிறேன். உங்கள் பேரப்பிள்ளைக்குத் திரும்பக் கஷ்டமான பக்கம் எது என்று மகளிடம் கேளுங்கள். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு பாடுங்கள், பேசுங்கள், வளையலைக் குலுக்குங்கள். உங்கள் குரலுக்குத் திரும்புகிற அளவுக்குப் பிளாஸ்டிக் பொம்மைக்குத் திரும்பாது. ஐந்து பெற்றவருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

கேள்வி: எட்டு மாதப் பிள்ளை. இதுவரை கழுத்து நேராகத்தான் இருந்தது. மூன்று நாளாகத் திடீரென்று தலையை ஒரு பக்கம் சாய்க்கிறான். இரண்டு முறை வாந்தி. எந்தப் பயிற்சி செய்ய? (வாசகி, ஜெலுத்தோங்)

பதில்: இவருக்குக் கடிதம் கிடைத்த அன்றே ஃபோனில் சொல்லிவிட்டேன்: பயிற்சி இல்லை, உடனே ஆஸ்பத்திரி. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். பிறந்ததிலிருந்து இருக்கும் சாய்வு வேறு, நேற்று வந்த சாய்வு வேறு. காய்ச்சல், வாந்தி, கண் கோணுவது, தள்ளாட்டம், நடந்துகொண்டிருந்த பிள்ளை நடக்க மறுப்பது, விழுந்து அடிபட்ட பிறகு சாய்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே காட்டுங்கள். தொண்டைக்குள் சீழ் முதல் மூளையில் அழுத்தம் வரை காரணம் எதுவாகவும் இருக்கலாம். பால் குடித்ததும் முதுகை வில்லாக வளைத்துக் கழுத்தைத் திருப்பும் பிள்ளைக்கு நெஞ்செரிச்சல் காரணமாக இருக்கலாம். கழுத்துத் தசை மெத்தென்று இருந்தும் தலை மட்டும் சாய்ந்தால் கண் டாக்டர் பார்க்க வேண்டும்.

கேள்வி: மகனுக்கு இரண்டரை வயது. பயிற்சிக்கு ஒழுங்காகப் போகவில்லை, எங்கள் தப்புதான், வேலை அப்படி. இப்போது ஆபரேஷன் என்கிறார்கள். கழுத்தில் கத்தி வைப்பதா? போட்டாக்ஸ் ஊசி போட்டால் போதும் என்று ஒருவர் சொன்னார். டேப் ஒட்டலாம் என்று இன்னொருவர். (ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: யார் தப்பு என்ற கணக்கை விடுங்கள். ஷிப்ட் வேலை பார்க்கிறவர் வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு எப்படி வருவார் என்று நாங்களும் கேட்டதில்லை.

ஆபரேஷன் வரை போகிறவர்கள் குறைவு. ஹாங்காங்கில் 821 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், கழுத்தில் கட்டி இருந்த குழந்தைகளிலேயே நூற்றுக்கு எட்டுப் பேருக்குத்தான் கத்தி தேவைப்பட்டது. கட்டி இல்லாமல் இறுக்கம் மட்டும் இருந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர். பொதுவாக ஆறு மாதமாவது ஒழுங்காகப் பயிற்சி செய்தும், ஒரு வயது தாண்டியும், கழுத்து திரும்புவதில் 15 டிகிரிக்கு மேல் குறை நின்றால் ஆபரேஷனைப் பற்றிப் பேசுவார்கள். உங்கள் மகன் ஒழுங்காகப் பயிற்சியே செய்யவில்லை என்பதால், கடைசியாக ஒரு தடவை முயன்று பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை. இந்த வயதில் தசை நார் ஆகியிருந்தால் அவர் முடியாது என்பார். அப்படிச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கத்தி என்றதும் கழுத்தை அறுப்பது போல நினைக்காதீர்கள். மயக்கம் கொடுத்து, காறை எலும்புக்குச் சற்று மேலே தோலின் மடிப்போடு ஒரு சின்ன வெட்டு. குட்டையான தசையின் கீழ் முனையை விடுவிப்பார்கள் அல்லது நீட்டித் தைப்பார்கள். ரொம்ப இறுகியிருந்தால் காதுக்குப் பின்னால் மேல் முனையையும். இதில் பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: ஆபரேஷன் ஆகிவிட்டது, பிசியோ தொல்லை விட்டது என்று நினைப்பார்கள். அப்புறம்தான் பிசியோ அதிகம். வெட்டிய இடம் ஆறும்போது மறுபடி சுருங்கப் பார்க்கும், அதற்கு விடாமல் மாதக்கணக்கில் பயிற்சி, சில வாரம் காலர். அந்த நாட்களுக்கு யார் விடுப்பு எடுப்பது என்பதை முடிவு செய்துவிட்டு ஆபரேஷனுக்குத் தேதி கேளுங்கள்.

போட்டாக்ஸ் சில இடங்களில் போடுகிறார்கள், பயிற்சிக்கு மசியாத பிள்ளைகளுக்கு, பயிற்சியோடு சேர்த்து. இறுகிய தசையைச் சில மாதம் தளர்த்தும். நார் ஆகிவிட்டதை அது ஒன்றும் செய்யாது. கழுத்து தொய்வது, விழுங்கக் கஷ்டம் போன்ற பக்க விளைவுகள் உண்டு. ஆகவே பிள்ளைகளுக்குப் போட்டுப் பழகிய நிபுணர் சொன்னால் மட்டும். டேப் ஒட்டுவது துணைக்கு வரும், தனியாக நின்று வேலை செய்யாது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை வந்ததில்லை. நம் வியர்வைக்கு மத்தியானத்துக்குள் பாதி உரிந்துவிடும், பிள்ளை மீதியைப் பிய்த்து வாயில் போடும்.

கேள்வி: எனக்கு 41 வயது. சின்ன வயதிலிருந்தே தலை ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும், எந்தப் படத்திலும் நேராக நின்றதில்லை. இப்போது சாயங்காலமானால் கழுத்து வலி. பயிற்சி செய்தால் நேராகுமா? (வாசகர், நிபோங் திபால்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் தங்கை 1962-ல் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவள். தலை இடது பக்கம் சாய்ந்தே இருக்கும். வெட்கப்படுகிறாள் என்று எல்லாரும் நினைத்தோம், வெட்கம் என்றால் என்னவென்றே தெரியாத பெண் அவள். பள்ளிக்கூடத்தில் படம் பிடிக்க வந்தவர் ‘தலையை நேரா வைம்மா’ என்று மூன்று முறை சொல்லி, கடைசியில் தானே வந்து தாடையைப் பிடித்து வைத்துவிட்டுப் போவார். அவர் கேமராவுக்குப் போய்ச் சேர்வதற்குள் தலை பழைய இடத்துக்கு வந்திருக்கும். நான் படித்து முடித்து, முதன்முதலாக ஒரு பிள்ளையின் கழுத்தில் அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்த அன்றுதான் எனக்கு அவள் ஞாபகம் வந்தது. அவளுக்கு அப்போது 22.

உங்களுக்கு: முதலில் காரணம் தெரிய வேண்டும். தசையா, கழுத்தெலும்பு பிறவியிலேயே ஒட்டியிருக்கிறதா, அல்லது கண்ணா. ஒரு கண்ணின் தசை பலமில்லாவிட்டால் இரண்டிரண்டாகத் தெரியாமலிருக்க மூளையே தலையைச் சாய்த்து வைத்துக்கொள்ளும். எலும்பு டாக்டரும் கண் டாக்டரும் பார்க்கட்டும். தசைதான் என்றால், இந்த வயதில் பயிற்சியால் தலை நேராகாது, ஆனால் வலி குறையும், அதற்காகச் செய்யலாம். பெரியவர்களுக்கும் ஆபரேஷன் உண்டு. கழுத்து கூடுதலாகத் திரும்பும், வலியும் குறையலாம். முகத்தில் ஒரு பக்கம் சின்னதாக வளர்ந்திருந்தால் அது மாறாது. என் தங்கை வேண்டாம் என்றுவிட்டாள்.

மூக்குக் கண்ணாடி போடுகிறீர்களா? முகம் ஒரு பக்கம் இறங்கியிருந்தால் கண்ணாடியும் இறங்கும், அதைச் சமாளிக்கக் கழுத்தை இன்னும் கோணுவீர்கள், சாயங்கால வலியில் அதற்கும் பங்கு இருக்கும். கண்ணாடிக் கடையில் ஒரு பக்கக் காதுக் கம்பியை மட்டும் சற்று வளைத்துத் தரச் சொல்லுங்கள். தங்கை வருடத்துக்கு இரண்டு முறை போய்ச் செய்துகொள்வாள், இதுவரை யாரும் அவளிடம் காசு வாங்கியதில்லை.